வீட்டு நீச்சல் குளத்துல தண்ணி கலங்கிப் போச்சா? கேளுங்க, சொல்றேன்

காட்பாடி சுத்துவட்டாரத்துல வீடு, பண்ணை வீட்டு நீச்சல் குளங்களப் பாத்துக்கிறதுதான் நமக்கு வேலை. வெயில் ஏற ஏற கேள்வியும் ஏறுது, அதான் ஒவ்வொண்ணா பதில் போடறேன். தொட்டி அளவு, எந்தத் தண்ணி, இதுவரைக்கும் இன்னா போட்டீங்க, இதச் சொல்லாம கேட்டா நான் ஜோசியம்தான் சொல்லணும்.

கேள்வி (சத்துவாச்சாரி): அண்ணா, 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், போர் தண்ணி. பிளீச்சிங் பவுடர் போட்டுகினே இருக்கேன், போடப் போட பால் மாதிரி ஆவுது. இன்னாதான் பண்றது?

பதில்: மொதல்ல பவுடர நிறுத்துங்க தம்பி. நம்ம பக்கம் நிறைய போர்ல சப்பத் தண்ணி, வெந்நீர் போடற பாத்திரத்துல வெள்ளையா படியுதே அந்த சுண்ணாம்புதான் தொட்டிலயும் இருக்கு, பிளீச்சிங் பவுடர் தன் பங்குக்கு இன்னும் சுண்ணாம்ப சேத்து பிஎச்சையும் (தண்ணியோட அமில-கார அளவு, ஏறினா காரம்) தூக்கிவிட்டுடும். பிஎச் 7.8 தாண்டிச்சுன்னா கரைஞ்சு கெடந்த சுண்ணாம்பு பிரிஞ்சு வந்து மிதக்கும், குளோரினும் சரியா வேலை செய்யாது, நீங்க பத்தலன்னு நெனச்சு மறுபடி பவுடர் போடுவீங்க. ஒரு கிளாஸ்ல தொட்டித் தண்ணி எடுத்து கொஞ்சம் வினிகர் ஊத்திப் பாருங்க, தெளிஞ்சா சுண்ணாம்புதான். பிஎச் 7.2ல இருந்து 7.6க்குள்ள வர்ற வரைக்கும் ஆசிட்ட கொஞ்சம் கொஞ்சமா விடுங்க, மோட்டார் ஓடணும், பக்கெட்ல மொதல்ல தண்ணி அப்புறம்தான் ஆசிட், மாத்தி ஊத்தினா மூஞ்சில தெறிக்கும். இனிமே திரவ குளோரின் வாங்குங்க. பவுடர்தான் கிடைக்குதுன்னா பக்கெட்ல கரைச்சு அடியில படிய விட்டு மேல இருக்கிற தெளிவ மட்டும் ஊத்துங்க.

கேள்வி (குடியாத்தம்): பச்சையா இருந்துச்சு, நிறைய குளோரின் போட்டேன், பச்சை போயி இப்ப சாம்பல் கலர்ல மங்கலா நிக்குது. தண்ணிய மாத்திடவா?

பதில்: ஐயோ வேணாம், பாதி கிணறு தாண்டிட்டீங்க. அது செத்த பாசி, ஃபில்டர்தான் எடுக்கணும். ராத்திரி பகல் மோட்டார் ஓடட்டும், கரண்ட் பில்லுக்கு பயந்து ரெண்டு மணி நேரம் ஓட்டி நிறுத்தறவங்க வீட்லதான் வாரக்கணக்கா இழுக்குது. மணல் ஃபில்டர் மீட்டர்ல பிரஷர் வழக்கத்த விட 8, 10 பிஎஸ்ஐ ஏறினா பேக்வாஷ் பண்ணி (தண்ணிய எதிர்ப்பக்கமா விட்டு மணல் அழுக்க வெளிய தள்றது) ரின்ஸ் விடுங்க (மறுபடி நேர்ப்பக்கமா விட்டு அலசறது), சும்மா சும்மா பேக்வாஷ் பண்ணாதீங்க, கொஞ்சம் அழுக்கு புடிச்ச மணல்தான் பொடிய நல்லா நிறுத்தும். அப்படியும் நின்னா படிகாரம். 1000 லிட்டருக்கு 50 கிராம் கணக்கு, 40,000 லிட்டருக்கு 2 கிலோ, கரைச்சு பரவலா ஊத்தி கொஞ்ச நேரம் சுத்த விட்டு ராத்திரி மோட்டார ஆஃப் பண்ணிடுங்க. காலைல எல்லாம் அடியில உக்காந்திருக்கும், வால்வ வேஸ்ட்ல வெச்சு மெதுவா உறிஞ்சி வெளிய விடுங்க. ஃபில்டர் வழியா விட்டா மணல் அடைச்சுக்கும். அடுத்த தடவை குளோரின் போட்டா பொழுது சாஞ்சு போடுங்க, நம்மூர் வெயில்ல பகல்ல போட்டது பாதி சூரியனுக்கே போயிடும்.

கேள்வி (ராணிப்பேட்டை): புதுசா ரொப்பினோம், கண்ணாடி மாதிரி இருந்துச்சு. குளோரின் போட்டதும் டீ கலர்!

பதில்: போர் தண்ணில இரும்பு. மேல சொன்ன படிகார வேலையே போதும்.

கேள்வி (ஆம்பூர்): குளோரின் மாத்திரைதான் போடறேன் சார், தண்ணி டெஸ்ட் கிட்ல மஞ்சள் நல்லா வருது, குளோரின் இருக்குன்னுதானே அர்த்தம்? ஆனா தெளியவே மாட்டேங்குது.

பதில்: அந்த மஞ்சள் கிட் மொத்த குளோரினத்தான் காட்டும், வேலை முடிஞ்சு வியர்வையோட சேந்து கெடக்கிறதையும் சேத்து. டிபிடி கிட்னு தனியா ஒரு டெஸ்ட் கிட் இருக்கு, அதுல ஃப்ரீ குளோரின், அதாவது இன்னும் வேலை செய்யக் கூடிய குளோரின், எவ்வளவுன்னு பாருங்க. இன்னொண்ணு, மாத்திரைல சயனூரிக் ஆசிட் இருக்கு, அது வெயில்ல இருந்து குளோரினக் காப்பாத்தும், ஆனா தொட்டிலயே தங்கி ஏறிகினே போவும். 30ல இருந்து 50 பிபிஎம் (லிட்டருக்கு அத்தன மில்லிகிராம்) சரி, 100 தாண்டினா குளோரின் இருந்தும் மந்தம். இதுக்கு மருந்து கிடையாது, பாதித் தண்ணிய எறக்கி புதுசு விட்டாத்தான் பாதியா குறையும்.

கேள்வி (ஆரணி): லேசாத்தானே கலங்கல், பசங்கள இறக்கலாமாண்ணா? லீவுல தொல்லை தாங்கல.

பதில்: ஆழமான பக்கம் அடியில இருக்கிற வடிகால் ஜாலி தெளிவா தெரியலன்னா யாரும் இறங்கக் கூடாதும்மா. உள்ள ஒரு புள்ள முழுகினாலும் மேல இருந்து தெரியாது. தெளிஞ்ச பிறகு இறக்கும்போதும் தலையில எண்ணெய் வெச்சுகினு வந்தா குளிக்க வெச்சு அனுப்புங்க, எண்ணெய்யும் கலங்கலுக்கு ஒரு காரணம்தான்.

கேள்வி (வாலாஜா): சீக்கிரம் தெளிய மாத்திரையையும் குளோரின் பவுடரையும் ஒரே பக்கெட்ல கரைக்கலாமா?

பதில்: கூடவே கூடாது! தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். அளக்கிற கரண்டி கூட தனித்தனியா வெச்சுக்கோங்க. ஆசிட் கேன் ரெண்டுக்கும் கிட்டயே இருக்கக் கூடாது, பட்டா குளோரின் வாயு கிளம்பும்.