கேள்வி நேரம்: ரயில், பாலம், பாறை

தண்டவாளப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தருமபுரிக்காரர் வாசகர்களுக்குப் பதில் அளிக்கிறார்.

கேள்வி: ஐயா, நானும் என் கணவரும் காஷ்மீர் போகிறோம். செனாப் ஆற்றின் மேல் கட்டிய ரயில் பாலத்தை நன்றாகப் பார்க்க ரயிலில் எந்தப் பக்கம் உட்கார வேண்டும்? இறங்கிப் பார்க்க விடுவார்களா?
– வாசகி, பாலக்கோடு

எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் பாலம் தெரியாது அம்மா. பள்ளத்தாக்கு தெரியும், மலை தெரியும். 467 மீட்டர் தாவி நிற்கும் அந்த இரும்பு வளைவு உங்கள் காலுக்குக் கீழே அல்லவா இருக்கிறது! பாலத்தின் நீளம் 1,315 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்துக்கென்று வடிவமைத்தது. அந்த வேகத்தில் போனால் 47 நொடிதான். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் அக்கரை. வந்தே பாரத் அங்கே நிற்காது. இறங்கும் பேச்சே இல்லை.

அதனால் ரயிலுக்கு ஒரு நாள், சாலைக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேலம் வழியாகப் போகும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் கட்ரா வரை செல்கிறது. அங்கிருந்து பாலம் இருக்கும் ரியாசி பக்கம் டாக்ஸி பிடியுங்கள். காவலர்கள் எதுவரை விடுகிறார்களோ அதுவரைதான், வாக்குவாதம் வேண்டாம். ஆதார் கையில் இருக்கட்டும்.

ஆற்றுப் படுகையிலிருந்து பாலம் 359 மீட்டர் உயரம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை ஐந்து முறை அடுக்கினாலும் எட்டாது. எல்லோரும் அதைத்தான் அண்ணாந்து பார்த்துப் படம் எடுப்பார்கள். நீங்கள் இரண்டு கரையிலும் உள்ள பாறையைப் பாருங்கள். வெடிப்பு விழுந்து, அடுக்கடுக்காகப் பிளந்து கிடக்கும் பாறை அது. துளையிட்டு, இரும்புக் கம்பி செலுத்தி, சரிவைக் கட்டி நிறுத்திய பிறகே பாலம் நின்றது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர் மாதவி லதா ஆண்டுக்கணக்கில் அந்தப் பாறையோடு மல்லுக்கட்டியிருக்கிறார். கட்ராவிலிருந்து போகும்போது முதலில் வரும், அஞ்சி என்ற ஆற்றின் மேல் உள்ள பாலத்துக்கும் வளைவுதான் திட்டமிட்டார்கள். பாறை இடம் கொடுக்கவில்லை. அதனால்தான் 193 மீட்டர் உயர ஒற்றைத் தூண், அதிலிருந்து பாலத்தை இழுத்துப் பிடிக்கும் 96 கம்பிவடங்கள்.

பாறையின் குணம் நம் மாவட்டத்துக்கும் தெரிந்ததுதான். 2021 நவம்பரில் தொப்பூருக்கும் சிவாடிக்கும் நடுவே பாறை சரிந்து, கண்ணூர் – யஷ்வந்த்பூர் ரயில் தடம்புரண்டதே!

கேள்வி: பலத்த காற்றில் செனாப் பாலத்தின் மேல் ரயில் கவிழ்ந்துவிடாதா?
– வாசகர், அரூர்

மணிக்கு 266 கிலோமீட்டர் காற்றைத் தாங்கும்படி கட்டியிருக்கிறார்கள். 90 கிலோமீட்டரைத் தாண்டினாலே ரயிலை நிறுத்திவிடுவார்கள். நிம்மதியாகப் போய் வாருங்கள்.

கேள்வி: காஷ்மீரில் உலகின் உயரமான ரயில் பாலமே கட்டிவிட்டார்கள். கிருஷ்ணகிரிக்கு ஒரு ரயில் நிலையம்கூட இல்லையே, இது நியாயமா?
– வாசகர், கிருஷ்ணகிரி

நியாயமில்லை. அதிலும் உங்கள் ஊரில் ரயில் இல்லாமல் இருந்ததில்லை, இருந்ததை எடுத்துவிட்டார்கள். 1905-இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், மறு ஆண்டு மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கும் குறுகிய பாதை ரயில் வந்தது. பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுவருவதற்காகப் போட்ட பாதைகள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இரண்டையும் மூடினார்கள். தருமபுரிக்காவது பிற்பாடு சேலம் – பெங்களூரு பாதை கிடைத்தது. உங்களுக்கு அதுவும் இல்லை. இத்தனைக்கும் உங்கள் ஊருக்குப் பாதை போட 359 மீட்டர் பள்ளம் எதையும் தாண்ட வேண்டியதில்லை. மனு எழுதினால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.