பட்டாயாவ விட்டு பாங் சாரேக்கு மாறலாமா? (பதில்)
ப்ரோ, பட்டாயா டிராஃபிக் தாங்கல, பக்கத்துல இருக்கற பாங் சாரேங்கற கடற்கரை ஊர்ல வீடு எடுத்துட்டு தினம் வேலைக்கு வந்து போகலாமான்னு கேட்டிருந்தீங்க. போகலாம், தெற்கால 20 கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனா சொந்தமா பைக் வேணும். சத்தஹீப் ஊருக்கு போற வெள்ளை சாங்தேவ் (ஷேர் ஆட்டோ மாதிரி ஓடற பிக்கப் வண்டி) சுக்கும்வித் மெயின் ரோட்லயே இறக்கி விட்டுட்டு போயிடும், பீச் அங்கேருந்து நல்லா உள்ள தள்ளி, வெயில்ல நடந்தா நாக்கு தள்ளிடும். லைசென்ஸ்ல டூவீலரும் இருக்கான்னு பாத்துக்கோங்க, கார் மட்டும்னா ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சிடுவான்.

அமைதியெல்லாம் வார நாள்லதான், சனி ஞாயிறு பேங்காக் ஜனம் ஸீஃபுட் சாப்பிட குவிஞ்சிடும், அதனால பீச் ரோட்ல எடுக்காம ரெண்டு தெரு பின்னாடி பாருங்க. அப்புறம் ஓனர் 24 மணி நேரத்துல டிஎம்30 (வெளிநாட்டுக்காரர் இங்க தங்கறார்னு இமிக்ரேஷனுக்கு குடுக்கற தகவல்) போட்டுத் தருவாரான்னு அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க, இல்லன்னா ஜோம்தியன் இமிக்ரேஷன் ஆபீஸ்ல விசா வேலைக்கு நிக்கறப்போ மாட்டுவீங்க.