ஏ.பி. ஆங்கில இலக்கியத் தேர்வு: மூன்றாவது கட்டுரைக்கு எந்த நாவல்களைப் படிப்பது?

ஏ.பி. (Advanced Placement) என்பது அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் எழுதும் கல்லூரித் தரத் தேர்வு. அதன் மூன்றாவது கட்டுரையில், நீங்களே தேர்ந்தெடுத்த ஒரு படைப்பை வைத்து வாதிட வேண்டும். அதற்கு மூன்று நாவல் போதும். பத்தை மேலோட்டமாகப் புரட்டுவதுதான் வினை. தேர்வறையில் புத்தகம் கிடையாது, கையில் சுமார் 40 நிமிடம். 6 மதிப்பெண்ணில் 4 ஆதாரத்துக்கும் விளக்கத்துக்கும். கதைச்சுருக்கம் எழுதினால் அதில் பெரும்பகுதி போச்சு.

மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' (1818) பல கேள்விகளுக்கு வளைந்துகொடுக்கும்: தனிமை, லட்சிய வெறி, படைத்தவன் பொறுப்பு, கதைக்குள் கதை. ஃபிராங்கன்ஸ்டைன் என்பது படைத்தவன் பெயர். அவன் உருவாக்கிய உயிருக்குப் பெயரே இல்லை. மாற்றி எழுதினால், படம் மட்டும் பார்த்துவிட்டு வந்தது அப்பட்டமாகத் தெரியும்! இன்னொன்று முற்றிலும் வேறு மாதிரி இருக்கட்டும். டோனி மாரிசனின் 'பிலவ்ட்' (1987) கடினம்தான், ஆனால் உழைப்பு வீண்போகாது. வினாத்தாளில் தரும் படைப்புகளின் பட்டியலில் உங்கள் நாவல் இல்லையா? தரமான படைப்பென்றால் தாராளமாக எழுதலாம்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கக் குறிப்பு: ஐந்து காட்சிகள், பாத்திரப் பெயர்கள், முடிவு.