விதையைக் கவிழ்த்து ஊன்றினாலும் முளை மேலே வருவது எப்படி?

கேள்வி: எங்கள் வீட்டு ஜன்னலோரத் தொட்டியில் விதைத்த பாசிப்பயறு முளைகள் எல்லாம் ஜன்னல் பக்கமே சாய்ந்து நிற்கின்றன. அதே பயறை முளைப்பாரிக்காக இருட்டறையில் வளர்த்தால், வெளிச்சமே படாமல் நேராகவும் வேகமாகவும் உயர்கிறது. விதை எப்படிக் கிடந்தாலும் வேர் மட்டும் கீழேதான் போகிறது. ஒளியைத் தேடித்தான் செடி வளர்கிறது என்றால், இருட்டில் அதற்கு வழிகாட்டுவது எது?
– வாசகி ஒருவர், மதுரை மாவட்டம்

பதில்: இருட்டில் வழிகாட்டுவது புவியீர்ப்பு. ஆனால் ஒளியாயினும் ஈர்ப்பாயினும் முளையைப் பிடித்து இழுப்பதில்லை. தண்டின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடக் கூடுதலாக நீள்வதால்தான் அது வளைகிறது. ஜன்னலோரத்து முளையில் கூடுதலாக நீள்வது வெளிச்சம் படும் பக்கம் அன்று, நிழல் பக்கம். பலரும் இதைத் தலைகீழாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதை முதலில் முறையாக ஆராய்ந்தவர்களுள் சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் அடங்குவர். கூண்டுப் பறவைகளுக்குத் தீனியாகும் ஒரு புல்லின் முளைகளை எடுத்து, சிலவற்றின் நுனியை ஒளி புகாத குல்லாயால் மூடினார்கள். வேறு சிலவற்றின் நுனியை மட்டும் வெளியே விட்டு, அடிப்பகுதியைக் கறுப்பு மணலால் மறைத்தார்கள். நுனி மூடப்பட்டவை வளையவில்லை, அடி மறைக்கப்பட்டவையோ வளைந்தன. ஒளியை உணர்வது நுனி என்றும், வளைவது அதற்குக் கீழே உள்ள பகுதி என்றும், ஆகவே ஏதோ ஒரு செய்தி மேலிருந்து கீழே செல்கிறது என்றும் 1880-இல் அவர்கள் எழுதினார்கள். (இது புல்லினத்துக்குப் பொருந்தும், பயறு போன்ற இரு வித்திலைச் செடிகளில் தண்டும் ஒளியை உணரும்.)

அந்தச் செய்தி ஒரு வேதிப்பொருள் என்பதை 1920-களில் நெதர்லாந்தின் பிரிட்ஸ் வென்ட் காட்டினார். ஓட்ஸ் முளைகளின் நுனியை வெட்டி, அகர் என்ற கடற்பாசிக் கூழின் மேல் சிறிது நேரம் வைத்தார். பிறகு அந்தக் கூழின் துண்டை நுனியிழந்த முளையின் மேல் ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்தார். இருட்டிலேயே, துண்டு இருந்த பக்கம் கூடுதலாக நீண்டு, முளை எதிர்ப்பக்கம் வளைந்தது. அந்தப் பொருளுக்குத்தான் ஆக்சின் என்று பெயர். முளையின் மேல் ஒரு பக்கமிருந்து ஒளி, குறிப்பாக நீல ஒளி, பட்டால் ஆக்சின் நிழல் பக்கத்தில் கூடுதலாகச் சேருகிறது. சிவப்பு ஒளிக்கு இந்த வளைவு பெரும்பாலும் வருவதில்லை.

இனி வேர். 1806-இல் ஆங்கிலேயத் தோட்டக்கலை ஆய்வாளர் தாமஸ் ஆண்ட்ரூ நைட், ஓடை நீரால் சுழலும் ஒரு சக்கரத்தின் விளிம்பில் அவரை விதைகளைப் பல கோணங்களில் கட்டி முளைக்க விட்டார். நிமிர்ந்து சுழலும் சக்கரத்தில் புவியீர்ப்பு எல்லாப் பக்கமும் மாறி மாறிப் படுவதால் அதன் விளைவு அற்றுப்போகிறது. எஞ்சுவது வெளிநோக்கித் தள்ளும் விசை மட்டுமே. வேர்கள் எல்லாம் வெளியே நீண்டன, தண்டுகள் எல்லாம் சக்கரத்தின் மையத்தை நோக்கின. வேருக்குக் கீழ்த்திசையைச் சொல்வது மண்ணோ ஈரமோ அன்று, எடைதான் என்பதற்கு இதைவிட அழகான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

அந்த எடையை வேர் உணரும் இடம் அதன் நுனியிலுள்ள வேர்மூடி. அங்குள்ள சில செல்களில் கனமான மாவுச்சத்து மணிகள் இருக்கின்றன; வேர் படுக்கையாகக் கிடந்தால் அவை சில நிமிடங்களில் செல்லின் புதிய அடிப்பக்கத்துக்கு இறங்கிவிடுகின்றன, அதைத் தொடர்ந்து ஆக்சினும் அந்தப் பக்கமே கூடுதலாகச் செல்கிறது. இங்குதான் வேடிக்கை: தண்டை நீளச் செய்யும் அளவு ஆக்சின், வேரின் வளர்ச்சியைத் தடுத்துவிடும். ஆகவே படுத்த தண்டின் அடிப்பக்கம் நீண்டு தண்டு மேலே நிமிர்கிறது, படுத்த வேரின் அடிப்பக்கம் தயங்கி நிற்க, மேல்பக்கம் நீண்டு வேர் கீழே கவிழ்கிறது.

முளைப்பாரி அறையில் ஒளியின் குறுக்கீடு இல்லை. ஈர்ப்பு ஒன்றையே பின்பற்றுவதால் முளைகள் சாயாமல் நிற்கின்றன. அவை வேகமாக உயர்வதை நல்ல வளர்ச்சி என்று எண்ண வேண்டாம். ஒளி பட்டால் தண்டு நீள்வது மட்டுப்படும். இருட்டில் அந்தக் கட்டுப்பாடு இல்லாததால், மண்ணுக்குள் புதைந்த முளை வெளியே வர முயல்வதுபோல, விதையிலுள்ள சேமிப்பைச் செலவிட்டுத் தண்டு நீண்டுகொண்டே போகிறது. பச்சையம் உருவாகாததால்தான் அந்த வெளிர்மஞ்சள் நிறம். பாரியை வெளிச்சத்தில் வைத்துவிட்டால் சில மணி நேரத்தில் பச்சை படரத் தொடங்கும். ஜன்னல் ஒரு பக்கம் மட்டும் இருந்தால், சாயவும் தொடங்கும்.