கேள்வி பதில்: ஃபியூசிபிள் லிங்க்குக்குப் பதில் ஃபியூஸ் போடலாமா?

சேலத்தில் பழைய கார்களுக்கு வயரிங் பார்ப்பதுதான் என் பிழைப்பு. இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதி ஒரே விஷயம்: பேட்டரி பக்கத்தில் இருக்கும் ஃபியூசிபிள் லிங்க், அதாவது ஷார்ட் ஆனால் தானே உருகி மற்ற வயர்களைக் காப்பாற்றும் அந்தச் சின்ன வயர்.

அண்ணா, என்னுடையது பழைய மாருதி 800. லிங்க் கருகிவிட்டது. சாதா வயர் போட்டால் போதும் என்கிறார்கள். போடலாமா? (அம்மாபேட்டை)

வேண்டாம் தம்பி. லிங்க் என்பது லூம் (வண்டி முழுக்க ஓடும் வயர் கட்டு) வயரைவிட வேண்டுமென்றே மெல்லிசாக, வழக்கமாக நாலு கேஜ் குறைத்துப் போட்ட வயர். ஷார்ட் ஆனால் முதலில் அது உருக வேண்டும். மேலுறையும் தனி ரகம். உப்பிக் கருகுமே தவிர எளிதில் தீப்பிடிக்காது. போன ஆடியில் ஒரு வண்டி வந்தது. லிங்க் இருந்த இடத்தில் வீட்டு வயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். ஆல்டர்னேட்டர் வயர் பிராக்கெட்டில் உரசி ஷார்ட் ஆனதில் லூம் முழுக்க ஒன்றோடொன்று ஒட்டித் தாம்புக்கயிறு மாதிரி கிடந்தது. பிரிக்கவே முடியவில்லை, அறுத்துத்தான் எடுத்தேன்.

ஃபியூஸாக மாற்றலாம். எந்த ஃபியூஸ் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கீழே ஏற்காட்டுக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

வெளியே பார்த்தால் லிங்க் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சாவி போட்டால் ஒரு லைட்டும் எரியவில்லையே? (ஹஸ்தம்பட்டி)

இரண்டு முனையையும் பிடித்து மெல்ல இழுங்கள். ரப்பர் மாதிரி நீண்டால் உள்ளே செம்பு போய்விட்டது. மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் 12 வோல்ட் காட்டும். ஹெட்லைட் பல்பை டெஸ்ட் லேம்பாக வைத்தால் உண்மை தெரியும்.

எஸ்டேட் ஜீப். லிங்க் போன இடத்தில் 30 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் (தட்டைக் கால் வைத்த பிளாஸ்டிக் ஃபியூஸ்) போட்டேன். பனிமூட்டத்தில் மலை ஏறும்போது போய்விடுகிறது. 60 போட்டுவிடலாமா? (ஏற்காடு)

அந்த 60-ஐக் கீழே வையுங்கள் சார். ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை. லைட்டையோ மோட்டாரையோ அல்ல. நான் பின்பற்றும் கணக்கு: 4 ஸ்கொயர் எம்எம் வயருக்கு 30, 6-க்கு 40, 10-க்கு 60.

இப்போது உங்கள் சுமையைக் கூட்டுவோம். ஹெட்லைட் இரண்டும் 60 வாட் என்றால் 10 ஆம்பியர். ஃபாக் லேம்ப் இரண்டுக்கு 9. வைப்பர் 5, புளோயர் 8 என்று வைத்தால் 32 ஆகிவிட்டது, ஹார்ன் இன்னும் அடிக்கவில்லை. கொண்டை ஊசி வளைவில் ஹார்ன் அடிக்காமல் யார் போகிறார்கள்? ஃபியூஸை எப்போதும் 80 சதவீதத்துக்குள் ஓட விட வேண்டும். ஆக 40 வேண்டும். அப்படியானால் வயர் 6 ஸ்கொயர் எம்எம் இருக்க வேண்டும். உங்களுடையது 4 என்றால் ஃபியூஸை ஏற்றாதீர்கள். ஃபாக் லேம்பைப் பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ், தனி ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்ச்) வைத்துப் பிரித்துவிடுங்கள். நானாக இருந்தால் எப்படியும் பிரித்துவிடுவேன்.

இன்னொன்று. லிங்க் நிதானமான ஆள். ஒரு நொடி கரண்ட் எகிறினால் பொறுத்துக்கொள்ளும். சின்ன பிளேடு ஃபியூஸுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அந்த இடத்துக்கு நிதானமாக உருகும் ஸ்லோ-ப்ளோ கார்ட்ரிட்ஜ், பெரிய சைஸ் பிளேடான மேக்சி, அல்லது போல்ட் போட்டு இறுக்கும் மிடி ஃபியூஸ்தான் சரி.

எங்கள் அம்பாசடரில் லிங்க்கே காணோம். கண்ணாடி ஃபியூஸில் 35 என்று இருக்கிறது. பிளேடிலும் 35 போடலாமா அண்ணா? (ஆத்தூர்)

கூடாதம்மா. பழைய லூகாஸ் (பிரிட்டிஷ் மின்பாகக் கம்பெனி) கணக்கில் 35 என்பது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 தான். பிளேடு என்றால் 15 போடுங்கள், 20-ஐத் தாண்டாதீர்கள். பிரவுன் வயர் எல்லாம் பேட்டரியிலிருந்து ஃபியூஸே இல்லாமல் வருபவை. அதற்கு ஒரு மெயின் ஃபியூஸ் வைப்பது நல்லது. செல்ஃப் மோட்டாருக்குப் போகும் தடி கேபிளை அதில் சேர்க்காதீர்கள்.

ஹோல்டரை எங்கே வைப்பது? வயரைச் சால்டர் வைத்து ஒட்டுவதா, கிரிம்ப் போட்டு நசுக்கி இறுக்குவதா? (செவ்வாய்ப்பேட்டை)

பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் வயருக்குப் பாதுகாப்பே கிடையாது. நல்ல லக் (வயர் முனையில் மாட்டும் உலோகக் காது) போட்டு கிரிம்ப், மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். சால்டர் போட்ட இடத்தை ஒட்டி அதிர்வில் வயர் முறியும். வேலை தொடங்கும் முன் நெகடிவ்வைக் கழற்றுங்கள்.

இரண்டு லிங்க் இருந்ததை மெக்கானிக் ஒரே ஃபியூஸாக்கிவிட்டார். பரவாயில்லையா? (ஓமலூர்)

ஒரு ஷார்ட்டுக்கு மொத்த வண்டியும் இருட்டாகிவிடும். பழையபடி இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள். அப்புறம், போல்ட் ஃபியூஸ் என்றால் ஒரு ஸ்பேரோடு அதற்கான ஸ்பேனரையும் டேஷ்போர்டில் போட்டு வையுங்கள்.