ஒத்து ஊதியவரின் மகன்

இந்த இதழுக்கு வாசகர் கேள்விகளுக்கு என்னைப் பதில் எழுதச் சொல்லி ஆசிரியர் ஒரு கட்டுக் கடிதம் அனுப்பியிருந்தார். கதைகளுக்குப் படம் போடுகிறவனிடம் படத்தைப் பற்றித்தானே கேட்பார்கள் என்று பிரித்தால், பாதிக்கு மேல் பாட்டைப் பற்றிய கேள்விகள். போன மாதம் ஒரு பேட்டியில், "கோடு போட நாதஸ்வரத்திடம் கற்றுக்கொண்டேன்" என்று சொல்லி வைத்தேன். அதன் பலன்.

கும்பகோணம் வாசகர்: நாதஸ்வரத்திடம் கோடு போடக் கற்றேன் என்றால் என்ன அர்த்தம்? கொஞ்சம் புரியும்படி சொல்லுங்களேன்.

எங்கள் ஊர் ஆடுதுறைப் பக்கம். கோயிலில் சுவாமி புறப்பாடு என்றால் முதலில் மல்லாரிதான். கம்பீர நாட்டை ராகம், பாட்டு வரி எதுவும் கிடையாது. நைவேத்தியம் வரும்போது தளிகை மல்லாரி, அபிஷேகத்துக்குத் தண்ணீர் வரும்போது தீர்த்த மல்லாரி, தேருக்குத் தேர் மல்லாரி. திண்ணையில் உட்கார்ந்தபடியே கோயிலுக்குள் என்ன நடக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். ஒரே மல்லாரியை முதலில் நிதானமாக வாசிப்பார்கள், பிறகு இரட்டிப்பு வேகத்தில், அப்புறம் அதற்கும் இரட்டிப்பாக. தாளம் போடுகிறவர் மாறவே மாட்டார். அவருடைய ஒரு தட்டுக்குள் விழுவது ஒன்று, இரண்டு, நாலு என்று கூடிக்கொண்டே போகும்.

கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் பேனாவால் நிழல் போடச் சொன்னபோது எனக்கு வரவேயில்லை. பேனாவில் சாம்பல் நிறம் இல்லை. மையின் கறுப்பு உண்டு, காகிதத்தின் வெள்ளை உண்டு. நடுவில் ஏதாவது வேண்டுமென்றால் கோடுகளை நெருக்கிப் போட வேண்டும். நான் நெருக்கினால் பிரிந்துபோன கோரைப்பாய் மாதிரி இருந்தது. ஒரு நாள் ராத்திரி, அறையில் யாரும் இல்லை, வாயால் மல்லாரி சொல்லிக்கொண்டே போட்டுப் பார்த்தேன். கால் அங்குலத்துக்கு ஒரு கோடு. அதே கால் அங்குலத்துக்குள் இரண்டு. அப்புறம் நாலு. கன்னத்துக்கு முதல் காலம், தாடைக்குக் கீழே இரண்டாம் காலம், கூந்தலுக்கு மூன்றாம் காலம். அவ்வளவுதான் விஷயம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் என் பழைய படங்களில் எண்ணிவிடலாம். புதிய படங்களில் எண்ணாதீர்கள், வயதாகிவிட்டது, கை ஏமாற்றுகிறது.

திருவாரூர் வாசகி: அப்படியானால் உங்கள் அப்பா நாதஸ்வர வித்வானா, சார்?

இல்லை அம்மா. அப்பா ஒத்துக்காரர்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஒத்து பார்வைக்கு நாதஸ்வரம் மாதிரியே இருக்கும். விரல் வைத்து வாசிக்கத் துளை இருக்காது. கீழ்ப்பக்கம் மட்டும் சில துளைகள். அவற்றை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதி சேர்ப்பார்கள். சேர்த்த பிறகு ஒரே ஸ்வரம், ஆதார ஷட்ஜம், அதாவது 'ஸ'. கச்சேரி நாலு மணி நேரம் என்றால் நாலு மணி நேரமும் அதுதான். மூச்சு வாங்குவதற்காக நிறுத்தக் கூடாது. கன்னத்தில் காற்றை அடக்கி, அதை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்போதே மூக்கால் அடுத்த மூச்சை இழுக்க வேண்டும். டம்ளர் தண்ணீரில் பப்பாளித் தண்டை விட்டு, குமிழி நிற்காமல் ஊது என்று எனக்கும் கற்றுக்கொடுக்கப் பார்த்தார். மூக்கில் தண்ணீர் ஏறியதுதான் மிச்சம்.

"ஒத்து ஊதுகிறான்" என்று தமிழில் யாரைச் சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். சொந்தப் புத்தி இல்லாமல் ஆமாம் போடுகிறவனை. பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியாருக்கு அதுதான் பிடித்த வசவு. அவர் அதைச் சொன்னதும் வகுப்பே என்னைத் திரும்பிப் பார்க்கும். ஒருநாள் அழுதுகொண்டே வந்து சொன்னேன். அப்பா சிரித்தார். "நான் நிறுத்திட்டேன்னா, தான் எங்க நிக்கிறோம்னு அவங்களுக்கே தெரியாதுடா" என்றார்.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். எந்தப் படம் வரைந்தாலும் காகிதத்தில் முதலில் பென்சிலால் ஒரு தரைக்கோடு போட்டுக்கொள்வேன். ஆள் நிற்பது, சாய்வது, ஓடுவது எல்லாம் அதை வைத்துத்தான். மை காய்ந்ததும் ரப்பரால் அழித்துவிடுவேன். அச்சில் அது வந்ததே இல்லை.

சேலம் வாசகர்: பத்திரிகையில் வந்த உங்கள் முதல் படம் நினைவிருக்கிறதா? வீட்டில் என்ன சொன்னார்கள்?

மறந்தால்தானே. 1979. ஒரு வார இதழில் சிறுகதை, கல்யாண வீட்டில் நடக்கிற கதை. அப்போதெல்லாம் துத்தநாகத் தகட்டில் அமிலம் வைத்து அரித்து எடுக்கிற பிளாக் அச்சு. அளவை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள், அதற்கு மேல் ஒரு நூல் கூடக் கூடாது. எனக்குக் கொடுத்தது இரண்டு பத்தி அகலம். அதற்குள் பந்தல், மணமக்கள், மேளக்காரர்கள் எல்லோரும் வர வேண்டும்.

நாதஸ்வரம் இரண்டு பேர் (வாயில் வைத்து ஊதுகிற நாணல் சீவாளிகளின் சரத்தோடு), தவில் இரண்டு பேர், தாளம் போடுகிற பையன் ஒருவன் என்று வரைந்து கொடுத்தேன். இதழ் வந்ததும் பஸ் ஏறி ஊருக்கு எடுத்துப் போனேன். அப்பா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு வந்தார். கதையைப் படிக்கவில்லை. படத்தின் மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். "தவில்காரன் விரல்ல கூடு போட்டிருக்க. சரி. சீவாளிச் சரம் தொங்குது. சரி. குச்சிய இடது கையில குடுத்திருக்க, அதுவும் சரி." கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. இதழைத் திருப்பிக்கூடப் பார்த்தார், ஏதோ அடுத்த பக்கத்தில் மீதி இருக்கிற மாதிரி. அப்புறம் கேட்டார்: "நான் எங்கடா?"

எனக்கு வேர்த்துவிட்டது. "இடம் பத்தலைப்பா" என்றேன்.

"கல்யாணப் பந்தல்லயும் அதத்தான் சொல்லுவாங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

அதற்குப் பிறகு மேளக்காரர்களை வரைய நேர்ந்தால் ஓரத்தில் ஒத்துக்காரர் ஒருவரை உட்கார வைத்துவிடுவேன். லேஅவுட் செய்கிறவர்கள் ஓரம்தானே என்று வெட்டிவிடுவார்கள். இரண்டு மூன்று முறை அப்படி ஆனதும் ஆளை இடம் மாற்றினேன். இப்போது இரண்டு நாதஸ்வரங்களுக்கும் நடுவில், சற்றுப் பின்னால் இருக்கிறார். வெட்டினால் படமே போய்விடும்.

தஞ்சாவூர் வாசகர்: யாருடைய படங்களைப் பார்த்து வளர்ந்தீர்கள்?

எதிர்வீட்டில் 'தில்லானா மோகனாம்பாள்' தொடரை விகடனிலிருந்து கிழித்து பைண்டு செய்து வைத்திருந்தார்கள். கொத்தமங்கலம் சுப்புவின் எழுத்து, கோபுலுவின் படம். படிக்கத் தெரியாத வயதிலேயே அந்தப் படங்களைப் பார்த்துவிட்டேன். கோபுலு உங்கள் ஊரில் பிறந்தவர், நான் படித்த கும்பகோணத்தில் படித்தவர். ஊதுகிறவரின் முதுகைப் பார்த்தாலே மூச்சை இழுக்கிறாரா விடுகிறாரா என்று தெரிய வேண்டும் என்பது அவர் படங்களைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது.

மயிலாடுதுறை வாசகர்: திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையை நேரில் கேட்டிருக்கிறீர்களா?

அந்த நாதஸ்வர மேதை மறைந்தது 1956 டிசம்பரில். அப்போது எனக்கு எட்டு மாதம். அப்பா கேட்டிருக்கிறார், கோயில் மதிலோரம் நின்று, விடிய விடிய. எனக்கு வாய்த்தது இசைத்தட்டு. ஒரு பண்ணையார் வீட்டுக் கிராமபோனில் அவருடைய தோடி. அந்தப் பழைய 78 தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று சொச்சம் நிமிடம்தான் இடம். ராத்திரி முழுக்க ஒரே ராகத்தை வாசிக்கக் கூடியவர் அந்தச் சின்ன வட்டத்துக்குள் எதையும் திணிக்கவில்லை, எங்கேயும் ஓடவும் இல்லை. "இந்தக் கட்டத்துக்குள் இவ்வளவையும் எப்படி வரைவது" என்று நான் ஆசிரியர்களிடம் புலம்பாமல் இருந்ததற்கு அந்தத் தட்டு ஒரு காரணம்.

இன்னொன்று. அவருக்கு முன்னால் புழக்கத்தில் இருந்தது திமிரி நாதஸ்வரம். குட்டை, சத்தம் உச்சத்தில் போகும். நீளமான பாரி நாதஸ்வரம் அவர் கேட்டுக்கொண்டபடி நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி செய்து கொடுத்து நிலைபெற்றது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கிற ஆச்சா மரத்தைத் தேடி வாங்கிக் கடைவார்கள். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாத்தியத்தின் சுருதி இரண்டரைக் கட்டைக்கு இறங்கியதும் ஒத்தும் கூடவே இறங்கியது. கன்னத்துக்குக் கொஞ்சம் நிம்மதி என்பார் அப்பா.

கோவில்பட்டி வாசகர்: எங்கள் காருகுறிச்சி அருணாசலத்தை விட்டுவிட்டீர்களே, ஐயா?

விடுவேனா? 'கொஞ்சும் சலங்கை' 1962-ல் வந்தது. எங்கள் பக்கத்து டூரிங் டாக்கீஸுக்கு அது திரும்பத் திரும்ப வரும். 'சிங்கார வேலனே' பாட்டு, எஸ். ஜானகியின் குரலும் அருணாசலத்தின் நாதஸ்வரமும் ஒன்றையொன்று துரத்துகிற இடம் வந்ததும் மணல் மேல் உட்கார்ந்திருந்த கூட்டம் முறுக்கு கடிப்பதை நிறுத்திவிடும். அப்பா கண்ணை மூடிக்கொள்வார். "காசு கொடுத்துப் படத்துக்கு வந்து கண்ணை மூடுறாரே" என்று அம்மா முணுமுணுப்பாள். ராஜரத்தினம் பிள்ளையின் சீடர், 43 வயதில், 1964-ல் போய்விட்டார். செய்தி வந்த அன்று எங்கள் வீட்டில் உலை வைக்கவில்லை என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

சென்னை வாசகி: எல்லாம் கோயில், திருவிழா. இளையராஜா கிடையாதா உங்கள் வாழ்க்கையில்?

வயிற்றைக் காப்பாற்றியதே அவர்தான். 1976-ல் 'அன்னக்கிளி' வந்தபோது நான் கல்லூரியில். அடுத்த சில வருடங்களில் ஊருக்கு நாலு கேசட் கடை முளைத்தது. பிடித்த பாட்டுகளைப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் வெறும் கேசட்டில் பதிந்து தருவார்கள். அந்தக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியும், கண்ணாடியில் ராஜாவின் முகத்தை வரைந்தும்தான் சென்னையில் முதல் இரண்டு வருடம் அறை வாடகை கொடுத்தேன். ஒரு கடைக்காரர் காசுக்குப் பதில் கேசட்டாகவே கொடுப்பார். வாடகை நாளில் அதை வைத்து என்ன செய்வது?

தொண்ணூறு நிமிடக் கேசட், பக்கத்துக்கு நாற்பத்தைந்து. கடைசிப் பாட்டு பாதியில் டக்கென்று அறுந்துவிடும். அந்தப் பாட்டுகளை இன்றைக்கு எங்கே கேட்டாலும், அந்த வரி வந்ததும் என் கை தானாக எழுந்திருக்கிறது, கேசட்டைத் திருப்பிப் போட.

நாமக்கல் வாசகர்: நீங்கள் பாடுவீர்களா?

வீட்டில் கேட்டேன். இல்லை என்று எழுதச் சொன்னார்கள்.

மதுரை வாசகர்: ஓவியம், இசை இரண்டிலும் ஒரே ஆள் தேற முடியுமா?

எஸ். ராஜம் (1919–2010) தேறினாரே. தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரிகள் என்று நம் மனத்தில் இருக்கிற முகங்களில் அவர் வரைந்ததன் சாயல் உண்டு. அதே மனிதர்தான் கோடீஸ்வர ஐயரின் 72 மேளகர்த்தா (தாய் ராக) கீர்த்தனைகளையும் பாடிப் பரப்பினார், மற்றவர்கள் தொடத் தயங்குகிற விவாதி ராகங்கள் உட்பட. வீணை பாலசந்தரின் அண்ணன். என்னைப் போன்ற ஒன்றரை ஆட்களை அவரோடு சேர்க்காதீர்கள்.

ஓசூர் வாசகர்: கம்ப்யூட்டரே இப்போது நொடியில் படம் போட்டுத் தருகிறது. பயமாக இல்லையா சார்?

எங்கள் வீட்டுக்கு இது இரண்டாவது முறை, தம்பி. முதல் முறை வந்தது சுருதிப் பெட்டி. ஒரு ஆளுக்குப் பேட்டா, சாப்பாடு, பஸ் செலவு மிச்சம் என்று செட்டு செட்டாக ஒத்துக்காரரை நிறுத்தினார்கள். அப்பா இருந்த செட்டின் நாயனக்காரர் நல்ல மனிதர். பெட்டியைத் தூக்கி வந்து சுவிட்சு போடுகிற வேலையை அப்பாவுக்கே கொடுத்தார். நாற்பது வருடம் ஊதியவர், சுவிட்சைப் போட்டுவிட்டு அதன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார். சம்பளம் பாதி.

ஒரு முகூர்த்தத்தில், சரியாகத் தாலி கட்டுகிற நேரத்தில் கரண்ட் போனது. கெட்டிமேளம் முழங்குகிற சத்தத்தில் யாருக்கும் தெரியவில்லை. அது முடிந்து ராகம் எடுத்த பிறகுதான் அடியில் ஒன்றுமில்லை என்று நாயனக்காரருக்குப் புரிந்தது. திரும்பிப் பார்த்தார். அப்பா வாயை மூடிக்கொண்டு "ம்" என்று சுருதி பிடித்துக்கொண்டிருந்தார், கரண்ட் வரும்வரை. வந்ததும் பெட்டியைப் போட்டுவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

பயமா என்றால், பயம்தான். போன வருடம் எனக்கு வர வேண்டிய இரண்டு அட்டைப்படம் அப்படித்தான் போயின. ஒன்றில் மாப்பிள்ளைக்கு ஆறு விரல்.

விழுப்புரம் வாசகி: அப்பாவின் ஒத்து இப்போது எங்கே இருக்கிறது? நீங்கள் ஊதுவது உண்டா?

என் மேஜைக்கு மேலே, துணி உறையில். எனக்குப் பப்பாளித் தண்டோடு சரி. வரையும்போது மகள் போனில் போட்டுக் கொடுத்த தம்புரா ஓடிக்கொண்டிருக்கும், இரண்டரைக் கட்டையில். போன பொங்கலுக்கு வந்த பேரன் ஏணி போட்டு ஒத்தை இறக்கி ஊதிப் பார்த்தான். காற்றுத்தான் வந்தது. பிரித்துப் பார்த்தால் சீவாளி காய்ந்து நெடுக்கப் பிளந்திருக்கிறது. திருவாவடுதுறையில் சீவாளி கட்டுகிற ஒருவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். "நாதஸ்வரத்துக்குன்னா உடனே இருக்கு. ஒத்துக்கு யார் கேக்குறா? நாணல் பார்த்து எடுக்கணும், பங்குனிக்கு வாங்க" என்றார். பேரனுக்கும் அப்போதுதான் பரீட்சை முடிகிறது.