சபை நடத்தும் முதியோர் இல்லத்துக்கு நிர்வாகியாகப் போகலாமா?

போகலாம். ஆனால் என்ன வேலைக்குப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போங்கள்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் என்கிறீர்கள். உங்கள் சேகரத்தார் (ஒரு குருவானவரின் கீழ் உள்ள சபைகளின் வட்டாரத்தார்) நடத்தும் முதியோர் இல்லத்தைப் பொறுப்பெடுக்கச் சொல்லி கமிட்டி கேட்கிறது, காலையும் மாலையும் ஜெபம் நடத்துவதைத் தவிர மற்ற இல்லங்களுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்பது உங்கள் கேள்வி. நான் நர்ஸ். ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு திருநெல்வேலிப் பக்கம் இதே மாதிரி ஓர் இல்லத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ஜெபம் நடத்துவது பெரிய விஷயமே இல்லை, பாட்டிமார்களே நடத்திவிடுவார்கள், நமக்கு மறந்துபோன கீர்த்தனையின் அடுத்த அடியையும் எடுத்துக் கொடுப்பார்கள். பக்தியோடு வெளியிலிருந்து வருகிறவர்களிடமிருந்து உள்ளே இருக்கிறவர்களைக் காப்பாற்றுவதுதான் இந்த வேலையில் பாதி. கேட்க ஒரு மாதிரியாக இருக்கும், ஆனால் அதுதான் நிஜம்.

சாப்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்தநாள், கல்யாண நாள், அப்பாவின் நினைவுநாள் என்று யாராவது ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பணம் கட்டிவிட்டு, குடும்பத்தோடு வந்து பரிமாறுவார்கள். இந்த வரும்படி இல்லாவிட்டால் பல இல்லங்களில் அடுப்பு எரியாது, அதனால் குறை சொல்வதற்காக எழுதவில்லை. ஆனால் வரும்போது ஐயரையும் கூட்டிக்கொண்டு வருவார்கள் (எங்கள் பக்கம் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை, குருவானவரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம்). ஒரு பாட்டு, ஒரு வேதபாடம், ஒரு சின்னச் செய்தி. இலை போட்டாயிற்று, பிரியாணி வாசனை கூடம் முழுக்க வந்தாயிற்று, சின்னச் செய்தி மட்டும் முடிகிற வழியாக இல்லை. அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் சிலருக்குச் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட்டிருப்போம். சாதாரண இன்சுலின் போட்டால் அரை மணி நேரத்துக்குள் ஆள் சாப்பிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை இறங்க ஆரம்பித்துவிடும். ஒரு தடவை ஓர் ஆச்சி கண்ணை மூடி, தலையைக் குனிந்து, கையைக் கூப்பி அசையாமல் இருந்தார். பார்க்கிறவர்களுக்கு உருகி ஜெபிக்கிற மாதிரி இருந்தது, வந்திருந்த குடும்பத்துப் பையன் போட்டோகூட எடுத்தான். நான் நெற்றியைத் தொட்டேன், ஜில்லென்று வேர்த்திருந்தது. கூப்பிட்டால் பதில் குழறியது. ஊசி வைத்துப் பார்த்தால் சர்க்கரை வெறும் 52. சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, பத்துப் பதினைந்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்து, மறுபடியும் ஊசி வைத்துப் பார்த்தபின்தான் எனக்கு மூச்சு வந்தது. செய்தி அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு சட்டம் போட்டுவிட்டோம். சாப்பிடும் முன் ஸ்தோத்திர ஜெபம் ஒரு நிமிடம், பாட்டும் செய்தியும் எல்லாம் கை கழுவிய பின்னால். கமிட்டியில் ஒருவர், ‘கர்த்தருடைய வசனத்துக்கு நேரம் குறிக்க நீங்கள் யார்?’ என்று கேட்டார். குளுக்கோமீட்டரை மேஜைமேல் வைத்து விஷயத்தைச் சொன்னேன், அதற்குமேல் பேச்சு இல்லை. தலைமை என்று பெரிய வார்த்தை சொல்கிறார்களே, என் அனுபவத்தில் அது பெரும்பாலும் இந்த மாதிரிச் சின்னச் சண்டைகளை முகம் கோணாமல் போட்டு முடிப்பதுதான்.

இன்னொரு வகை விருந்தாளிகள் உண்டு. சுகமளிக்கும் ஜெபம் செய்ய வருகிறவர்கள். ஜெபிக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது. ஆனால் போகிற போக்கில், ‘விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு தாத்தா?’ என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டுப் போவார்கள். அதைக் கேட்ட தாத்தா ஒருவர் பிரஷர் மாத்திரையை வாயில் போடுகிற மாதிரி போட்டு, தலையணை உறைக்குள் சேர்த்து வைத்திருந்தார். உறை துவைக்கப் போகும்போது ஆயா கொட்டிக் காட்டினாள். அன்றிலிருந்து வெளி ஜெபக்குழு யார் வந்தாலும் கூடவே எங்கள் ஆள் ஒருவர் நிற்பார். கோபித்துக்கொண்டு வராமல் போனவர்களும் உண்டு. போகட்டும்.

டிசம்பரில் உங்கள் இல்லத்துக்குள் நடக்க இடம் இருக்காது. கேரல் குழு, பெண்கள் ஐக்கிய சங்கம், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள், கம்பெனிக்காரர்கள், எல்லோர் கையிலும் கேக், போர்வை, சேலை. ஒவ்வொரு பாட்டியின் டிரங்குப் பெட்டியிலும் பிரிக்காத போர்வை நாலு இருக்கும். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்து எல்லோர் பையும் காலியாக இருக்கும்போது ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். யாருமே கொண்டுவராத பொருள் பெரியவர்களுக்கான டயபர். படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்றாவது வேண்டும், மாதம் 90 ஆயிற்று, இப்படி எத்தனை பேர் என்று பெருக்கிப் பாருங்கள். படுக்கைப்புண் வராமல் இருக்க இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆளைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், அதற்கு ஆயா வேண்டும், ஆயாவுக்குச் சம்பளம் வேண்டும். இரவு டியூட்டிச் சம்பளத்துக்குக் காணிக்கை கொடுத்து அதில் பேர் போட்டுக்கொள்ள யாருக்கும் ஆசை வருவதில்லை. கிரைண்டருக்குக் கொடுத்தால் கிரைண்டரில் பெயர் எழுதலாம், ஆயாமேல் எழுத முடியாதே. நன்கொடை கேட்கும்போது ‘உங்களால் முடிந்ததை’ என்று கேட்காமல், ‘ஒரு மாதத்து இரவு ஆயா சம்பளம்’ என்று கேட்கப் பழகுங்கள். ஆச்சரியம், சிலர் கொடுப்பார்கள்.

சம்பளம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். ‘ஊழியமாக நினைத்துச் செய்ய வேண்டும்’ என்ற பேச்சு கமிட்டியில் எப்போது வந்தாலும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள், யாருடைய சம்பளமோ குறையப்போகிறது என்று அர்த்தம். ஊழியம் நீங்களும் நானும் செய்யலாம், நமக்குப் பென்ஷன் வருகிறது. மலம் அள்ளுகிற பெண்ணுக்கு வாடகை கட்ட வேண்டும். வேலையாட்கள் 20 பேர் ஆகிவிட்டால் பி.எஃப். கட்டுவது கட்டாயம், அதை 19லேயே நிறுத்திவைக்கும் சாமர்த்தியத்தையும் பார்த்திருக்கிறேன்.

பண விஷயத்தில் கணக்குப் பிள்ளையை நம்பி இருந்துவிடாதீர்கள். உங்கள் இல்லத்துக்கு 80ஜி (நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை தரும் அங்கீகாரம்) இருந்தால் கொடுக்கிறவர்களுக்குப் பொதுவாகப் பாதித் தொகைக்கு வரிக்கழிவு உண்டு, ஆனால் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது, புதிய வருமான வரித் திட்டத்துக்கு மாறியவர்களுக்கோ சலுகையே கிடையாது. வெளிநாட்டுப் பணம் வேறு கதை. 2020ல் எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தியபின் பணம் முதலில் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் ஒரு குறிப்பிட்ட கிளைக்குத்தான் வர வேண்டும், நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, முக்கியமாக, வாங்கிய அமைப்பு இன்னோர் அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது. தலைமையகம் வாங்கித் தனியாகப் பதிவான சின்ன இல்லங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்த வழி அதோடு அடைபட்டது. உங்கள் இல்லம் அப்படி ஓடிக்கொண்டிருந்ததா என்று பழைய கணக்கை வாங்கிப் பாருங்கள்.

யாரைச் சேர்ப்பது? இங்கேதான் தூக்கம் போகும். ஐயர் சிபாரிசு, கமிட்டி மெம்பரின் சித்தி, பெரிய காணிக்கை கொடுத்தவரின் மாமியார் என்று வரிசை நிற்கும். ‘எந்த ஊர், எந்தச் சபை?’ என்று விசாரிப்பார்கள், நம் பக்கத்தில் அந்தக் கேள்வி உண்மையில் எதைக் கேட்கிறது என்று உங்களுக்கே தெரியும். எந்த அறை யாருக்கு என்பதைக் கமிட்டி கையில் விடாதீர்கள். நடக்க முடியாதவருக்குக் கழிப்பறைப் பக்கத்துக் கட்டில், அவ்வளவுதான் விதி.

சபை இல்லம் என்பதால் எல்லோரும் கிறிஸ்தவர்களாக இருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். எங்களிடம் தினம் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு ஜெபத்துக்கு வந்து உட்காரும் ஆச்சி உண்டு, பாட்டு அவருக்குப் பிடிக்கும், அவ்வளவே. அவரை ஞானஸ்நானத்துக்குத் தயார்படுத்தலாமே என்று யாராவது ஆசைப்படுவார்கள். மூன்று வேளைச் சோறு போடுகிறவர்கள் கேட்டால் ஒரு கிழவி வேண்டாம் என்று எப்படிச் சொல்வாள்? அதனால் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்பது என் கட்சி. சேரும் அன்றைக்கே அவரவர் வாயால் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: இறந்தால் யாருக்குச் சொல்ல வேண்டும், அடக்கமா தகனமா, எந்த முறைப்படி. கடைசி நேரத்தில் வென்டிலேட்டர் வேண்டுமா என்பதையும் கேட்கலாம். 2018ல் உச்ச நீதிமன்றம் முன்கூட்டியே எழுதிவைக்கும் மருத்துவ விருப்ப ஆவணத்தை ஏற்றது, 2023ல் இரண்டு சாட்சிகளோடு நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும் என்று எளிதாக்கியது. இதை எழுதிவைப்பது அவிசுவாசம் என்று நினைப்பவர்கள் உண்டு, வற்புறுத்த வேண்டாம்.

பிள்ளைகள் விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கொண்டுவந்து விட்டுவிட்டு போன் நம்பரை மாற்றிவிடுவார்கள். 2007ம் வருடத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் பெற்றோரைக் கைவிடுவதற்கு மூன்று மாதம்வரை சிறை உண்டு, பராமரிப்புத் தொகை கேட்டு கோட்டாட்சியரின் தீர்ப்பாயத்துக்கும் போகலாம், ஆனால் பெரும்பாலான தாய்மார் மகன்மேல் மனு எழுதக் கைநாட்டு வைக்க மாட்டார்கள். மனு போடலாம் என்று ஒரு தடவை சொல்லுங்கள், இரண்டாம் தடவை சொல்லாதீர்கள். இன்னொன்று, யாராவது பாசத்தில் ‘என் வீட்டைச் சபைக்கே எழுதிவைக்கிறேன்’ என்றால் கமிட்டி குளிர்ந்துபோகும். நீங்கள் ஒத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே தங்கியிருக்கும் ஒருவரிடம் சொத்து வாங்கினால், அவரை நன்றாகவே பார்த்திருந்தாலும் ஊர் வேறு மாதிரிதான் பேசும், அவர் இறந்த பதினாறாம் நாள் அதுவரை வராத சொந்தக்காரர்களெல்லாம் வக்கீலோடு வந்து நிற்பார்கள்.

சபை, கமிட்டி, குருவானவர் என்ற இந்த அமைப்புக்குள் தலைமை எவ்வளவு நிலையில்லாதது என்பதற்கு ழான் ஜுகான் என்ற பிரெஞ்சுப் பெண்ணின் கதை போதும். 1839ல் பிரான்சின் பிரெத்தாஞ் பகுதியில், பார்வையில்லாத ஒரு கிழவியைத் தன் கட்டிலிலேயே படுக்க வைத்துத் தொடங்கியவர். வீடு வீடாகப் பிச்சை எடுத்துத்தான் முதியோர்களைக் காப்பாற்றினார். அவர் தொடங்கிய கன்னியர் சபை 1882ல் கல்கத்தாவுக்கு வந்தது, இன்றும் நம் நாட்டில் இல்லங்கள் நடத்துகிறது. ஆனால் 1843ல் சக சகோதரிகள் அவரை மறுபடி தலைவியாகத் தேர்ந்தெடுத்தபோது, கூட இருந்த பாதிரியார் அதைச் செல்லாது என்று சொல்லி வேறொருவரை நியமித்தார், பிற்பாடு எல்லாவற்றையும் தொடங்கியவர் தானே என்றும் சொல்லிக்கொண்டார். கடைசி 27 வருடம் அந்த அம்மா ஓரமாக ஒதுக்கப்பட்டு, புதிதாகச் சேர்ந்த பெண்களுக்குத் தான் யார் என்றே தெரியாமல் 1879ல் இறந்தார். 2009ல் புனிதர் ஆக்கினார்கள். அவர் பொறுமையை எல்லோரும் புகழ்கிறார்கள், எனக்கு அந்தப் பாதிரியார்மேல்தான் கோபம் வருகிறது.

அதனால் ஒத்துக்கொள்ளும் முன் கமிட்டியிடம் நேராகக் கேளுங்கள். ஆளைச் சேர்ப்பதில் கடைசி வார்த்தை யாருடையது? அவசரத்துக்கு ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி என்று யாரையும் கேட்காமல் எவ்வளவு வரை நான் செலவழிக்கலாம்? இரவில் எத்தனை ஆயா? மாவட்டச் சமூக நல அலுவலகப் பதிவு நடப்பில் இருக்கிறதா? பதிலை வாய்ச்சொல்லாக வாங்காதீர்கள், தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்ட நகல் உங்கள் கையில் இருக்கட்டும், ஏனென்றால் மூன்று வருடத்தில் தேர்தல் வந்து கமிட்டி மாறிவிடும். எழுதித் தரத் தயங்கினால் தோத்திரம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். சம்மதித்தால் முதல் வாரம் பகலில் போகாமல் ஒரு ராத்திரி போய்த் தங்கிப் பாருங்கள், இல்லம் எப்படி நடக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.